முதலாளி இல்லாத விசா

ரிஸ்வானா துபாயில் வேலையை ராஜினாமா செய்த செய்தி உத்தமபாளையத்துக்கு வந்து சேர அரை நாள்கூட ஆகவில்லை. அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்து சொல்வதற்கு முன்பே முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

வந்தவர் அப்துல் ஜலீல். துபாய் முதலாளி முஜிபுர் ரஹ்மானின் தம்பி. கம்பத்தில் இருக்கும் அவர்களுடைய ஏலக்காய் குடோனைப் பார்த்துக்கொள்கிறவர். ரிஸ்வானாவின் அம்மா ரஃபியா அந்தக் குடோனில்தான் இருபத்திரண்டு வருஷமாக ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முதலாளியே வீடு தேடி வந்து நிற்கவும் பதறிப்போய் நாற்காலியை எடுத்துப் போட்டிருக்கிறார். ஜலீல் உட்காரவில்லை.

"ரஃபியாக்கா, ஒங்க மக எங்க அண்ணன் விசாவுல இருந்துக்கிட்டே அண்ணனை எதுத்துப் பேசிட்டு லெட்டர் குடுத்திருக்கா. விசாவக் கேன்சல் பண்ணிட்டா பொட்டியக் கட்ட வேண்டியதுதான். போன் போட்டுப் புத்தி சொல்லுங்க."

அவர் கார் தெருமுனை தாண்டியதும் ரஃபியாம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக என் கடைக்கு வந்தார். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், பட்டா, டிக்கெட், சர்ட்டிபிகேட் அட்டெஸ்டேஷன் எல்லாம் செய்து கொடுக்கிற கடை. என் பெயர் மகாலட்சுமி. ரிஸ்வானாவும் நானும் கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"ஆத்தா மகா, விசாவக் கேன்சல் பண்ணா போலீசு புடிச்சிருவாகளா?"

"யாரும் புடிக்க மாட்டாகம்மா. கேன்சல் பண்ணுங்கன்னு அவளேதான் எழுதிக் குடுத்திருக்கா."

"அவளேவா?"

ரஃபியாம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். வேலை விசா என்பது கம்பெனி எடுத்துக் கொடுப்பது. அந்தக் கம்பெனியில் வேலை இருக்கும்வரைதான் அது. வேலையை விட்டால் கம்பெனி அதை ரத்து செய்ய வேண்டும். ரத்தான பிறகு அங்கேயே இருந்துகொண்டு வேறு விசாவுக்கு மாற கொஞ்ச நாள் அவகாசம் தருவார்கள். ரிஸ்வானா இன்னொரு கம்பெனிக்குப் போகவில்லை. தன் பெயரிலேயே தொழில் லைசென்ஸ் எடுத்து, அதை வைத்துத் தன் பெயரிலேயே விசா எடுக்கப் போகிறாள். இதையெல்லாம் முந்தின நாளே எனக்குச் சொல்லிவிட்டாள்.

ரஃபியாம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அவ அப்படி என்னத்தப் பண்ணுனா அங்கன?"

அதைச் சொல்ல ரிஸ்வானாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூட விடுமுறைகளில் அம்மாவோடு குடோனுக்குப் போய் ஏலக்காய் பொறுக்கியவள். கல்லூரியில் தாவரவியல் எடுத்தாள். இருபத்துமூன்று வயதில் போடியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கை நீளும். இரண்டாவது முறை அடித்த அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜமாத்தில் பெரியவர்கள் மூன்று தடவை கூப்பிட்டுப் பேசினார்கள். மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொல்லி, மனைவியே கேட்டு வாங்கும் விவாகரத்தான குலாவை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு ஊரில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அந்தக் கதையையே கண்ணால் கேட்டார்கள். முஜிபுர் ரஹ்மான் துபாய்க்கு ஆள் எடுக்கிறார் என்று தெரிந்ததும் போய் நின்றாள். அவரும் எடுத்துக்கொண்டார். அவர் செய்த அந்த உதவியை அவள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

துபாயில் அவருடைய கிடங்கில் தரம் பார்க்கிற வேலை. வரும் மூட்டைகளிலிருந்து கை நிறைய காய் எடுத்துத் தட்டில் பரப்பி, பருமன், நிறம், வெடித்த காய், ஈரம், வாசனை எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ஒரு காயைப் பிளந்து ஏலரிசியை நாக்கில் வைத்தால் அது வண்டன்மேட்டுச் சரக்கா, குவாத்தமாலாச் சரக்கா என்று சொல்லிவிடுவாள். எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்பதையும் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்வாள். அரபிகள் காப்பியில் ஏலக்காயை அள்ளிப் போடுகிறவர்கள், சரக்கில் கண்டிப்பானவர்கள். அந்தப் பெண் பார்த்தாளா என்று கேட்டு வாங்கும் அளவுக்கு எட்டு வருஷத்தில் அவள் பெயர் அங்கே நிலைத்துவிட்டது. விசாவில் மட்டும் அவள் சாதாரண ஆபீஸ் கிளார்க்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், அறுபது மூட்டை ஏலக்காய் வந்தது. தட்டில் பரப்பினால் பச்சைப் பசேலென்று, ஒரு காய்கூட நிறம் மாறாமல். அதுதான் அவளுக்கு இடித்தது. வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்துப் பத்துக் காயை அதில் உருட்டினாள். பேப்பர் பச்சையாகிவிட்டது. காயைப் பிளந்தால் உள்ளே அரிசி சுருங்கிக் கிடந்தது. பழைய சரக்குக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். 'சாயம் கலந்தது, நிராகரிக்கவும்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அதே அறுபது மூட்டைக்கு முதல் தரம் என்று புதிதாக அடித்த அறிக்கை அவள் மேஜையில் இருந்தது. கீழே கையெழுத்து மட்டும் பாக்கி. எடுத்துக்கொண்டு முஜிபுர் ரஹ்மானின் அறைக்குப் போனாள். ஊர்முறைக்கு அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, இதுல என் கையெழுத்து விழாது."

"கையெழுத்துப் போடத்தானே ஒனக்குச் சம்பளம்?"

"பாத்துட்டுப் போடத்தான் சம்பளம். நான் பாத்தது வேற, இதுல இருக்கிறது வேற."

அவர் முதலில் சிரித்துத்தான் பேசினார். மார்க்கெட்டில் எல்லோரும் செய்கிறார்கள், கொஞ்சம் சாயத்தால் யாரும் செத்துப்போவதில்லை என்றார். அவள் அசையாமல் நிற்கவும் குரல் மாறியது.

"நீ யாரு விசாவுல இங்கன நிக்கிறேன்னு தெரியுமா? என் விசா. நான் நெனச்சா அடுத்த வாரம் நீ உத்தமபாளையத்துல பஸ்சுக்கு நிப்பே."

"அப்ப ஒங்க விசா ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. நான் என் பேருல ஒண்ணு எடுத்துக்கிறேன்."

"புருஷன விட்டுட்டு வந்தவள நம்ம ஊருப் பிள்ளையாச்சேன்னு கூட்டியாந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

"புருஷனையே விட்டவ மாமா. ஒரு கம்பெனிய விட மாட்டேனா?"

அன்று மாலையே ராஜினாமாக் கடிதத்தை ஈமெயிலில் அனுப்பினாள். அந்தச் சாய அறிக்கையின் நகலையும் சேர்த்து.

ஒப்பந்தப்படி முப்பது நாள் நோட்டீஸ் உண்டு. அந்த முப்பது நாளும் அவள் வேலைக்கு வர வேண்டும். வராமல் இருந்தால் ஆளைக் காணவில்லை, ஓடிப்போய்விட்டாள் என்று கம்பெனி புகார் கொடுக்கலாம். அந்தப் புகார் உறுதியாகிவிட்டால் புது விசா கிடைக்காது. மறுநாள் அவள் போனபோது கேட் திறக்கவில்லை. உள்ளே விட வேண்டாம் என்று முதலாளி உத்தரவு என்றான் வாட்ச்மேன். கம்பெனி ரூமையும் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் லாக்கரில்.

அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. உள்ளேயும் விடாமல், வரவில்லை என்றும் எழுதப் போகிறார்கள்.

தேவதானப்பட்டிக்காரி வேல்விழி அங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவள் தங்கியிருந்த அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ரிஸ்வானா பெட்டியோடு அங்கே போனாள். மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குக் கிடங்கு கேட்டின் முன்னால் போய் நின்றாள். கம்பெனி போர்டும் தன் முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுப்பாள். 'வேலைக்கு வந்திருக்கிறேன், கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்' என்று கம்பெனிக்கு ஒரு ஈமெயில். அதே படம் எனக்கு வாட்ஸ்அப்பில். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, யாரும் கூப்பிடாவிட்டால் லைசென்ஸ் வேலையைப் பார்க்கப் போவாள். மே மாத வெயில். பத்தாவது படத்தில் முகம் கறுத்துவிட்டது. பதினைந்தாவது படத்தில் கையில் குடை. எல்லாப் படத்திலும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குடி எனக்கும் அனுப்புறே?" என்று கேட்டேன்.

"என் போனு ஒடஞ்சா ஒங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டர் போட்டுச் சேர்த்து வைத்தேன்.

அடுத்த சிக்கல் ஊரில் இருந்தது. அவள் கேட்ட தொழில் பிரிவு உணவுப் பொருள் தர ஆலோசகர். அதற்கு டிகிரி சர்ட்டிபிகேட்டின் அசலைச் சென்னையிலும் டெல்லியிலும் சரிபார்த்து, அமீரகத் தூதரகத்தின் முத்திரையும் வாங்கித் தர வேண்டும். சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்டேன்.

"ஜலீல் மாமாகிட்ட."

எட்டு வருஷத்துக்கு முன்னால் விசா வேலைக்கு என்று குடோனில் வாங்கி வைத்தது. கிளார்க் விசாவுக்கு அது தேவைப்படவே இல்லை. ஆனாலும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ரிஸ்வானாவின் தம்பி இத்ரீஸ் ஜலீலிடம்தான் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்டு வாங்கி வரச் சொன்னோம். அவன் என் கடை வாசலிலேயே நின்று கத்தினான்.

"அக்கா அங்கன உக்காந்துக்கிட்டு ராங்கு பண்ணும். இங்கன நான்ல அவுக மூஞ்சில முழிக்கணும்? என் பிள்ளைக்குப் பால் வாங்கணும். நான் கேக்க மாட்டேன்."

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சர்ட்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கலாம். பல்கலைக்கழகத்தில் அதற்கு மாதக்கணக்கில் இழுக்கும். அவளுக்கு இருப்பதோ நாள் கணக்கு. அதோடு, தொலையவில்லையே! ஒருவர் பீரோவில் பத்திரமாக இருக்கும் ஒன்றைத் தொலைந்தது என்று ஏன் எழுத வேண்டும்? ரிஸ்வானாவும் அதையேதான் சொன்னாள்: "பொய்யா எழுத வேணாம்டி. அவுக வச்சிருக்காகன்னே எழுது."

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு புகார் மனு அடித்தேன். இன்ன வருஷம், இன்ன தேதி, இன்னாரிடம் கொடுத்தது, கேட்டும் தர மறுக்கிறார் என்று. ரஃபியாம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஸ்டேஷனுக்கு அப்புறம் போவோம். மொதல்ல அந்தப் பிள்ளைகிட்டக் காட்டிட்டு வருவோம்" என்றார். ஜலீலைத்தான் அந்தப் பிள்ளை என்றார்.

மறுநாள் கம்பம் குடோனுக்கு நானும் போனேன். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரஃபியாம்மா தன் இடத்தில் போய் உட்காரவில்லை. கண்ணாடி அறைக்குள் நுழைந்து ஜலீலின் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"என்னக்கா, மக மனசு மாறிட்டாளா?"

"அவ படிச்ச சர்ட்டிபிகேட்டு ஒங்ககிட்ட இருக்காம். குடுத்துருங்க தம்பி."

அதுவரை ரஃபியாம்மா அவரை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். ஜலீல் பேனாவை மூடி வைத்தார்.

"அண்ணங்கிட்ட ஒங்க மகளப் பேசச் சொல்லுங்க. அவுக சொன்னா தாரேன்."

"அவ படிச்சதுக்கு ஒங்க அண்ணன் எதுக்குச் சொல்லணும்? பரீச்சை அவுகளா எழுதுனாக?"

வெளியே கைகள் நின்றுவிட்டன. காய் உரசுகிற சத்தம் இல்லாமல் அந்தக் குடோன் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜலீல் எழுந்து வந்து, "என்ன வேடிக்கை? வேலையப் பாருங்க" என்றார். பொன்னாத்தாள் என்கிற பெண், ரஃபியாம்மாவுக்குப் பக்கத்து இடத்துக்காரி, உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நீங்க குடுத்துட்டா நாங்க வேலையப் பாத்துட்டுப் போறோம் சாமி. என் மக மார்க் ஷீட்டும் ஒங்ககிட்டத்தான இருக்கு?"

நான் மனுவை மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பீரோவைத் திறந்து, ஒரு கட்டிலிருந்து ரிஸ்வானாவின் சர்ட்டிபிகேட் இருந்த பிளாஸ்டிக் உறையை உருவி மேஜைமேல் போட்டார். ரஃபியாம்மா எழுந்திருக்கவில்லை. "பொன்னாத்தா மக மார்க் ஷீட்டு?" என்றார். அதுவும் வந்தது.

வெளியே வந்ததும் ரஃபியாம்மா உறையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். "நாளையில இருந்து வேலைக்கு வரச் சொல்ல மாட்டாகல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி" என்று டீயைக் குடித்தார்.

அவரை மட்டும் அல்ல, இத்ரீஸையும் மறுநாள் நிறுத்திவிட்டார்கள். ரஃபியாம்மாவுக்கு இரண்டே வாரத்தில் வேறொரு குடோனில் இடம் கிடைத்தது. அந்தக் கைக்கு எங்கேயும் வேலை உண்டு. இத்ரீஸ் நான்கு மாதம் கூலி வண்டி ஓட்டினான். அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

துபாயில் எதிர்பார்த்தபடியே நடந்தது. நோட்டீஸ் முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஆளைக் காணவில்லை என்று கம்பெனி புகார் கொடுத்தது. தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி சார்பில் வந்தவர் வருகைப் பதிவை நீட்டினார். ரிஸ்வானாவின் பெயருக்கு நேரே முழுக்க ஆப்சென்ட். ரிஸ்வானா தன் பையிலிருந்து படங்களை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினாள், தட்டில் ஏலக்காய் பரப்புகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கீழே அன்றைய ஈமெயிலின் நகல். விசாரித்த அதிகாரி ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தாராம். பிறகு கம்பெனிக்காரரிடம் ஒரே கேள்வி.

"இது உங்கள் கேட்தானே?"

அவர் வருகைப் பதிவை மூடி வைத்தார். புகார் தள்ளுபடியானது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கவும் விசாவை முறைப்படி ரத்து செய்யவும் உத்தரவானது. ரத்தான நாளிலிருந்து அறுபது நாள் அவகாசம் என்று அவளுக்கு வந்தது.

அந்த அறுபது நாளில் நான் தூங்கினேனா என்று எனக்கே சந்தேகம். சென்னையில் ஒரு வாரம், டெல்லியில் மூன்று வாரம், தூதரகத்தில் இன்னும் கொஞ்சம் என்று சர்ட்டிபிகேட் ஊர்வலம் போனது. ஏஜெண்டுக்குத் தினமும் காலையில் போன் போட்டேன். கடைசியில் என் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டேன் என்கிற நிலைக்கு வந்துவிட்டார். நாற்பத்தொன்றாம் நாள் சர்ட்டிபிகேட் என் கைக்கு வந்தது. சின்னமனூர் சண்முகராஜ் அந்த வாரம் மதுரையிலிருந்து துபாய்க்குப் போகிறவர். கூரியரை நம்பாமல் அவர் கைப்பையிலேயே கொடுத்தனுப்பினேன். லைசென்ஸ் வந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்தது. நாட்டைவிட்டு வெளியே போகாமலேயே விசா நிலை மாறியது. ஆறு நாள் மிச்சம்.

போனில் வந்த விசாவை ரஃபியாம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மொதலாளி பேரு எங்கன இருக்கு?"

"இல்லம்மா. இவ லைசென்ஸ்தான்."

"அப்ப மாசம் முடிஞ்சா யாரு சம்பளம் தருவாக?"

"யாரும் தர மாட்டாக."

ரஃபியாம்மா யோசித்தார். "கஷ்டந்தான்" என்றார். அது உண்மையும்கூட.

ஏனென்றால் முதல் இரண்டு மாதம் அவளுக்கு ஒரு வேலைகூட வரவில்லை. அவளிடம் சரக்குக் காட்டுகிற கடைக்குத் தன் சரக்கு வராது என்று முஜிபுர் ரஹ்மான் மார்க்கெட்டில் சொல்லி வைத்திருந்தார். எட்டு வருஷமாகப் பார்த்துச் சிரித்தவர்கள் அவளைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். சேமிப்பு கரைந்தது. வேல்விழிதான் சமைத்துப் போட்டாள். கொஞ்ச நாள் ஊருக்கு வந்து இருந்துவிட்டுப் போயேன் என்று நானே ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

"வர மாட்டேன்டி. இப்ப வந்தா அவுக சொன்னது உண்மையாயிரும். இன்னொரு தடவ அதச் சொல்லாதே."

ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கட்டு வெள்ளை டிஷ்யூ, லைசென்ஸ் நகல். இந்த மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு மசாலா மார்க்கெட்டில் கடை கடையாக ஏறினாள். பத்துக் காய் கொடுங்கள், இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்பாள். சிலர் விரட்டினார்கள். ஒருவர் டிஷ்யூவைப் பிடுங்கி எறிந்தார். அவள் அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனாள்.

நிஸ்வா ஊரைச் சேர்ந்த ஓமானி வியாபாரி ஒருவர் அவளைச் சோதிக்க நினைத்து மூன்று தட்டு வைத்தார். மூன்றாவது தட்டு அவருடைய சொந்தக் கிடங்கில் இருந்த உயர்ந்த சரக்கு என்று அவளுக்குத் தெரியாது. முகர்ந்து பார்த்து, "இது இரண்டு வருஷப் பழசு, வாசனை போய்விட்டது" என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போகலாம் என்று கையைக் காட்டினார். மூன்று நாள் கழித்து அவரிடமிருந்தே போன். கிடங்குப் பதிவைப் பார்த்திருக்கிறார். இரண்டு வருஷமும் ஒரு மாதமும். அவர் வாங்கும் கண்டெய்னர்களை எல்லாம் இனி அவள் பார்த்த பிறகே இறக்குவது என்று முடிவானது. ஒருவர் கூப்பிட்டதும் இன்னொருவர் கூப்பிட்டார்.

லைசென்ஸ் எடுத்த ஒன்பதாவது மாதம் அந்த ஓமானியிடம் வந்த சரக்கு முஜிபுர் ரஹ்மானுடையது. ரிஸ்வானா இரண்டு மணி நேரம் பார்த்தாள். சாயம் இல்லை, வெடிப்பு குறைவு, புதிய வாசனை. முதல் தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேல்விழிக்குப் பொறுக்கவில்லை, இரண்டு நாள் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தாளாம். விஷயம் தெரிந்து முஜிபுர் ரஹ்மான், பயந்துவிட்டாள் என்று நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதை நான் அவளிடம் சொன்னபோது சிரித்தாள்.

"நல்ல சரக்குடி. நல்லதுன்னு எழுதினேன். அவரு என்ன வேணா சொல்லிக்கிறட்டும். நாளைக்கே சாயத்தோட வந்தா அதையும் எழுதுவேன்."

இந்த மே மாதம் ஊருக்கு வந்தாள். யாரிடமும் லீவு கேட்காமல், பன்னிரண்டு நாள். தெருவில் நேராக நடந்தாள். திரும்பிப் போகிற அன்று மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட இத்ரீஸ் வந்தான். இப்போது அவனிடம் சொந்தமாக ஒரு பழைய கார் இருக்கிறது, வாடகைக்கு ஓட்டுகிறான். அம்மா சொன்னதால் வந்தான். எனக்கும் மதுரையில் வேலை இருந்ததால் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா. தீச்சட்டி எடுக்கிறவர்களும் அவர்களோடு வந்தவர்களும் ரோட்டை நிறைத்திருந்தார்கள். கார் நகரவில்லை. முன்சீட்டில் அக்காவும் தம்பியும் இரண்டு வருஷமாகப் பேசாத ஆட்கள். வேப்பிலை வாசமும் மேளச் சத்தமும் கண்ணாடி வழியாக வந்துகொண்டிருந்தன. ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைத் தவிர யாரும் எதுவும் பேசவில்லை.

திடீரென்று இத்ரீஸ் முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

"என் வேலையப் போக்கிட்டே."

"ஆமா. போக்கிட்டேன்."

"நாலு மாசம் நான் பட்டது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். அம்மா சொன்னாக."

"ஒரு வார்த்த மன்னிச்சுக்கன்னு சொல்லத் தோணலேல்ல?"

ரிஸ்வானா அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ கஷ்டப்பட்டதுக்கு எனக்கு வருத்தந்தான் இத்ரீஸு. நெசமாவே வருத்தந்தான். ஆனா மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஒன் வேலையப் போக்குனது நானில்ல, நிறுத்துனவுக. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு ஒன் வேலையக் காப்பாத்திருக்கணும்னு நெனச்சா, இங்கனயே எறக்கி விடு. நான் பஸ்சுல போயிக்கிறேன்."

"எறங்கிப் போயிருவியா?"

அவள் கதவைத் திறந்தேவிட்டாள். பின்னால் நின்ற வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"ஏய், கதவச் சாத்து. போலீஸ்காரரு பாக்குறாரு." இத்ரீஸ் எட்டி அவள் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினான். அவன் முகத்தில் வந்தது சிரிப்பா எரிச்சலா என்று பின்சீட்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை. "மாப்பிள்ளைகிட்ட, மொதலாளிகிட்ட, இப்ப எங்கிட்ட. ஒனக்கு வளையவே தெரியாதா?"

"தெரியாது" என்றாள்.

கூட்டம் விலகி வழி கிடைத்தது. தேனி தாண்டியதும் அவன் ஒரு கடையில் நிறுத்தி மூன்று இளநீர் வாங்கினான். விமான நிலையத்தில் அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வாடகையாக அவள் நீட்டியதை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"திரும்ப எப்ப வர்றே?"

"பாக்கணும். பெருநாளுக்கு முன்னாடி கொச்சியிலருந்து ரெண்டு கண்டெய்னர் வருது. அது முடிஞ்சதும்."

"வர்றதுக்கு முன்னாடியே சொல்லு. வேற சவாரி ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.